நலம் விரும்பியின் பெயர்

சென்ற ஆண்டு கிள்ளானில் நடந்த நிதி திரட்டும் விருந்து ஒன்றில் டிக்கெட் கணக்கையும் நன்கொடையாளர் பட்டியலையும் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது. வசதி குறைந்தவர்களுக்குச் சலுகைக் கட்டணத்தில் ரத்தச் சுத்திகரிப்பு செய்யும் சிறிய மையம் ஒன்றுக்கான விருந்து அது. சிறுநீரகம் செயலிழந்தவர் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் போல இயந்திரத்தோடு இணைந்து கிடக்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காவிட்டால் ஆயுள் முழுவதும் அப்படித்தான். இந்த மாதம் காசில்லை, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாத சிகிச்சை. அதனால் மையமும் ஆண்டுக்கு ஒருமுறையாவது மண்டபம் பிடித்து, மேசை விற்று, பிரமுகர்களை அழைத்து, பாட்டுக் கச்சேரி வைத்துப் பணம் சேர்த்தாக வேண்டியிருக்கிறது.

விருந்து நன்றாகவே நடந்தது. நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. அதில் நான் செய்த ஒரு தவறைப் பற்றி. அந்தத் தவறு ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போனது. ஒருவர் கொடுத்தார் என்ற செய்தி யாருக்குச் சொந்தம்? கொடுத்தவருக்கா, வாங்கியவருக்கா, ஊருக்கா?

*

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, ஷா ஆலாமில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தர உறுதிப் பிரிவில் வேலை செய்கிறேன். மையத்தின் செயலவையில் அப்பாவின் நண்பர் ஒருவர் இருக்கிறார். "தம்பி இஞ்சினியர்தானே, எக்செல் எல்லாம் தெரியும்ல? வந்து கொஞ்சம் பாத்துக்குடு" என்றார். அவர் சொன்ன கொஞ்சம் நான்கு மாதம் நீண்டது.

இந்த மாதிரி விருந்துகளுக்குப் போய்ச் சாப்பிட்டு வருபவர்களுக்கு இதன் பின்னால் இருக்கும் வேலை தெரிய வாய்ப்பில்லை. மொத்தம் 62 மேசை, மேசைக்குப் பத்துப் பேர். தனி டிக்கெட் 100 ரிங்கிட். சாதாரண மேசை 1,000. முன்வரிசை 3,000. மேடைக்கு நேர் எதிரே இருக்கும் நான்கு மேசைகள் ஒவ்வொன்றும் 10,000. எந்த மேசையில் உட்கார்ந்தாலும் தட்டில் வருவது ஒரே மீன்தான். டிக்கெட்டுகளைப் பத்துப் பத்தாகத் தைத்த புத்தகங்களாக அச்சடித்துச் செயலவை உறுப்பினர்களிடம் கொடுப்பார்கள். விற்றதற்கு அடிக்கட்டையும் பணமும் திரும்பி வர வேண்டும். விற்காதது டிக்கெட்டாகவே திரும்பி வர வேண்டும். இரண்டும் வராமல் "வித்துருவேன் தம்பி, கவலப்படாதிங்க" என்ற சொல் மட்டும் வந்த புத்தகங்கள் ஏழு. வாயால் மேசை எடுத்தவர்கள், மேசை எடுத்து எட்டுப் பேரோடு வருகிறவர்கள், பணம் கட்டிவிட்டு வர முடியாது என்கிறவர்கள், தாங்கள் வாங்கிய மேசையை நோயாளிகளின் குடும்பங்களுக்கே விட்டுக்கொடுப்பவர்கள், வாட்சாப்பில் பேங்க் ரசீதை அனுப்பிவிட்டுத் தான் யாரென்று சொல்லாதவர்கள் என்று பட்டியல் தினமும் மாறும். சைவம் எத்தனை பேர் என்ற கேள்விக்கு மட்டும் மூன்று முறை விடை மாறியது. மண்டபம் கிடைத்த தேதி புரட்டாசிச் சனிக்கிழமை என்பது பலருக்குக் கடைசி வாரத்தில்தான் உறைத்தது.

எனக்கு முன்னால் இதையெல்லாம் பொருளாளர் கையால் எழுதிவந்தார். ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். எல்லாரும் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் மூன்று புத்தகங்கள் இருந்தன. ஒன்று ரசீதுப் புத்தகம். இரண்டாவது தடித்த பேரேடு. மூன்றாவது அவர் சட்டைப் பையில் இருக்கும் 555 புத்தகம். அட்டையில் அந்த எண்ணைப் பெரிதாகப் போட்டிருக்கும் சின்னக் குறிப்பேட்டை அறியாத மலேசியர் குறைவு. மளிகைக் கடைக் கடன் எழுதவே பிறந்தது. மலாய்க்காரர்கள் பூக்கு தீகா லீமா என்பார்கள். தன் பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று யாராவது கேட்டுக்கொண்டால், சார் ரசீதிலும் பேரேட்டிலும் 'நலம் விரும்பி' என்று எழுதுவார். அந்த ரசீது எண்ணுக்குரிய உண்மைப் பெயரை 555இல் மட்டும் குறித்துக்கொள்வார். கணக்காய்வாளர் கேட்டால் எடுத்துக் காட்டுவார். வேறு யார் கேட்டாலும் காட்ட மாட்டார். தலைவர் கேட்டாலும்.

எனக்கு அது பழைய காலத்து வேலையாகத் தெரிந்தது. ஒரே செய்தியை மூன்று இடத்தில் எழுதினால் மூன்று இடத்திலும் பிழை வரலாம் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் ஏற்றினேன். பெயர், ஐசி எண், கைப்பேசி, முகவரி, தொகை, மேசை எண், சைவமா அசைவமா, யார் மூலம் வந்தவர், எல்லாம்.

"சார், அந்த 555ல உள்ளதையும் குடுங்க. ஏத்திட்றேன்."

"அது வேற, தம்பி."

"வேற இல்ல சார். எல்லாம் ஒரே டேட்டாதான்."

சார் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு புத்தகத்தைப் பிரித்து அந்த ஆண்டுக்கான நான்கு பெயர்களை மட்டும் வாசித்தார். "இந்தப் பேருங்க வெளிய வரக்கூடாது. பாத்துக்குங்க" என்றார். நான் 'குறிப்பு' என்ற கடைசிக் கட்டத்தில் 'பெயர் வேண்டாம்' என்று தட்டினேன். 'சக்கர நாற்காலி', 'காரம் குறைவு', 'டத்தோ பக்கத்தில் போட வேண்டாம்' போன்றவையும் அதே கட்டத்தில்தான் இருந்தன.

கோப்பில் இன்னொன்றும் இருந்தது. விற்பனைத் துறையில் இருக்கும் ஓர் உறுப்பினர் சொல்லி நான் சேர்த்தது. ஒருவர் எவ்வளவு கொடுத்தார், எத்தனை முறை கொடுத்தார், கடைசியாக எப்போது கொடுத்தார் என்ற மூன்றையும் வைத்து அவருக்கு ஏ, பி, சி என்று தரம் போடும் சூத்திரம். வாடிக்கையாளர்களை வகை பிரிக்கக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் முறை இது. நிதி திரட்டுகிற நிறுவனங்களும் வெகு நாளாகப் பயன்படுத்துகின்றன. ஏ என்றால் அடுத்த ஆண்டு தலைவரே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். சி என்றால் ஒரு வாட்சாப் செய்தி போதும். சூத்திரத்தை ஓட்டிவிட்டுப் பார்த்தபோது அப்பாவின் பெயருக்கு நேரே சி இருந்தது. அவர் 50 ரிங்கிட் கொடுத்திருந்தார். வீட்டில் சொன்னேன். "நான் எப்பவுமே சி கிளாஸ்தான்டா" என்று சிரித்தார். முப்பது ஆண்டு லோரி ஓட்டியவர். அந்தச் சிரிப்பு இரண்டு நாளைக்கு உறுத்தியது. ஆனாலும் அந்தக் கட்டத்தை நான் அழிக்கவில்லை.

*

விருந்தன்று கொடுக்கும் விழா மலரில் நன்றிப் பக்கம் ஒன்று உண்டு. அச்சகத்தில் இருந்து இரவு பதினொரு மணிக்குப் பட்டியல் கேட்டார்கள். 1,000 ரிங்கிட்டும் அதற்கு மேலும் கொடுத்தவர்களை வடிகட்டினேன். பெயர், தொகை என்ற இரண்டு கட்டங்களை மட்டும் வெட்டி அனுப்பினேன். குறிப்புக் கட்டம் கோப்பிலேயே தங்கிவிட்டது. சார் வாசித்த நான்கு பெயர்களில் மூன்று 1,000க்குக் கீழே இருந்ததால் தப்பின. ஒன்று தப்பவில்லை.

ஐம்பதைத் தாண்டிய ஓர் அக்கா. பள்ளிக்கூடக் கென்டீனில் வேலை. அவருடைய கணவர் ஐந்து ஆண்டு இதே மையத்தில் சுத்திகரிப்பு செய்துகொண்டு இறந்துபோனவர். கட்டணம் கட்ட முடியாத மாதங்களில் மையம் கேட்காமல் விட்டிருக்கிறது. மையம் எழுதி வைக்காத அந்தக் கணக்கை அக்கா மனதில் எழுதி வைத்திருந்திருக்கிறார். சிறுகச் சிறுகச் சேர்த்த 3,000 ரிங்கிட்டைச் சாரிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பேர் போட வேண்டாம், ரசீதும் வேண்டாம் என்று சொல்லிப் போயிருக்கிறார். அதே ஆண்டின் தொடக்கத்தில் அவருடைய அண்ணன், மகனின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் கேட்டு வந்திருந்தார். அக்கா தன்னிடம் பணம் இல்லை என்று சொல்லியிருந்தார். யாரோ எடுத்த மேசையில் இடம் கிடைத்து அண்ணன் குடும்பமும் விருந்துக்கு வந்திருந்தது. சாப்பாடு வரும்வரை மலரைப் புரட்டியிருக்கிறார்கள்.

மறு வாரம் சார் என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. 555 புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்து, "இருவது வருசமா எம் பாக்கெட்லதான் இருந்துச்சு தம்பி" என்றார். அவ்வளவுதான். நான் அக்காவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "பணத்தப் பத்தி ஒண்ணுமில்ல தம்பி. நான் சார்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்" என்றார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. அடுத்த மலரில் திருத்தம் போடட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அதுவும் இன்னொரு முறை ஊருக்குச் சொல்வதுதான் என்று புரிந்து நிறுத்திக்கொண்டேன். அண்ணன் வீட்டில் அவரோடு பேச்சு நின்றுபோயிருந்தது.

இதை எழுதலாமா என்று பிறகு அவரிடம் கேட்டேன். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டுச் சரி என்றார். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எவை என்று சொல்லப்போவதில்லை.

*

எங்கள் தொழிற்சாலையில் ஒரு குறைபாடு வந்தால் 'ஐந்து ஏன்' என்று ஒரு முறை உண்டு. ஏன் என்று கேட்டு, வரும் விடையை மறுபடி ஏன் என்று கேட்டு, அடியில் இருக்கும் காரணத்தைப் பிடிப்பது. அதில் ஒரு விதி இருக்கிறது. 'கவனக்குறைவு' என்று எழுதக்கூடாது. எழுதினால் வாடிக்கையாளர் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுவார். மனிதன் கவனம் தவறுவான் என்பது முன்பே தெரிந்த விஷயம். அவன் தவறினாலும் பிழை நடக்காதபடி ஏன் செய்து வைக்கவில்லை என்பதுதான் கேள்வி.

அந்த வாரம் முழுக்க இந்தப் பயிற்சியை என்மேலேயே செய்துபார்த்தேன். பெயர் ஏன் அச்சானது? வடிகட்டியபோது தொகையை மட்டும் பார்த்தேன். ஏன்? பெயர் வேண்டாம் என்பது காரம் குறைவு என்பதோடு ஒரே கட்டத்தில் இருந்தது. ஏன்? 'உங்கள் பெயரை வெளியிடலாமா?' என்று என் படிவத்தில் தனிக் கேள்வியே இல்லை. ஏன் இல்லை? கொடுக்கிற எல்லாருக்கும் பெயர் வர வேண்டும் என்றுதான் இருக்கும் என்று நினைத்தேன்.

ஐந்தாவது ஏன் எளிதாக வரவில்லை. ஏன் அப்படி நினைத்தேன்? அந்தக் கோப்பில் இருந்த 400 சொச்சம் பெயர்களை நான் மையத்தின் சொத்தாகப் பார்த்தேன் என்பதுதான் விடை. அடுத்த ஆண்டுக்கான விதைநெல் மாதிரி. அதனால்தான் தரம் போட முடிந்தது. விளம்பரம் கொடுத்த ஒரு நிறுவனம் தீபாவளி வாழ்த்து அனுப்ப வேண்டும் என்று கேட்டபோது, கைப்பேசி எண்களை இரண்டாம் யோசனை இல்லாமல் அனுப்பி வைக்கவும் முடிந்தது. "எல்லாம் நம்ம ஆளுங்கதானே" என்று சொன்னார்கள். எனக்கும் அது சரியாகவே பட்டது.

தொழிற்சாலையில் அறிக்கையை எழுதி, படிவத்தைத் திருத்தினால் விஷயம் முடிந்தது. குறையுள்ள பாகம் வெளியே போயிருந்தால் தொகுதி எண்ணை வைத்துத் தேடித் திரும்ப அழைக்கலாம். ஒரு பெயரை அப்படித் திரும்ப அழைக்க முடியாது. அண்ணன் படித்ததைப் படிக்காமல் ஆக்க என்னிடம் எந்த முறையும் இல்லை. முறையின் மேல் பழியைப் போட்டுவிட்டு மனிதனை விட்டுவிடுவது எங்கள் தொழிலில் நல்ல பழக்கம். ஆனால் அக்காவிடம் "என் படிவத்தில் குறை" என்று சொல்லியிருந்தால் அது மன்னிப்பு ஆகியிருக்காது.

*

செயலவையில் இதைச் சொன்னபோது இரண்டு குரல்கள் எழுந்தன. ஒருவர், "நல்லது செஞ்சத மறைக்க என்ன இருக்கு?" என்றார். இன்னொருவர், "அண்ணன்கிட்ட காசில்லன்னு பொய் சொன்னது அந்தம்மாதானே? நாம என்ன பண்ண முடியும்?" என்றார்.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அக்கா சொன்னது பொய்யா? கையில் பணம் இருந்தது. ஆனால் அவர் கணக்கில் அது ஏற்கனவே மையத்தின் பணம். கடனைத் திருப்பக் கட்டிவைத்த காசை வைத்துக்கொண்டு ஒருவர் தன்னிடம் பணம் இல்லை என்றால், அதைப் பொய் என்போமா? அண்ணன் பக்கமும் நியாயம் இருக்கிறது. செத்துப்போனவருக்காக 3,000, படிக்கிற பிள்ளைக்கு ஒன்றுமில்லையா என்று அவர் கேட்டால் அதற்கு என்னிடம் விடை இல்லை. அது அண்ணனும் தங்கையும் பேசித் தீர்க்க வேண்டியது, அல்லது பேசாமலேயே விட்டுவிட வேண்டியது. டிக்கெட் கணக்கு எழுதுகிறவன் தீர்ப்புச் சொல்கிற இடத்தில் இல்லை. ஆனால் அந்தப் பெயரை அச்சிட்டதன் மூலம் நான் அவர்கள் வீட்டுக்குள் போய் நின்றுவிட்டேன்.

முதல் குரல் இன்னும் வலுவானது. நம் மரபு கொடுத்தவர் பெயரை மறைக்கும் மரபு அல்ல. தஞ்சைப் பெரிய கோவிலில் ராஜராஜன் கல்வெட்டு, தான் கொடுத்தவையும் தன் தமக்கை கொடுத்தவையும் தன் மனைவியர் கொடுத்தவையும் பிறர் கொடுத்தவையும் கல்லில் வெட்டப்பட வேண்டும் என்று சொல்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்தும் யார் எவ்வளவு எடைக்கு எந்த நகை கொடுத்தார் என்று படிக்க முடிகிறது. வள்ளுவரை எடுத்துக்கொண்டால், 23ஆம் அதிகாரம் ஈகை, 24ஆம் அதிகாரம் புகழ். கொடுப்பதும் பெயர் நிற்பதும் அடுத்தடுத்த வீடுகள். நம் ஊர்க் கோவில்களில் மின்விசிறியின் இறக்கையில்கூட உபயம் என்று பெயர் எழுதியிருக்கிறது. கேலியாகச் சொல்லவில்லை. தோட்டத்தில் பிறந்து, பெயரை எங்கேயும் எழுதிப் பார்க்காத ஒரு மனிதருக்குத் தன் பெயர் விசிறியில் சுற்றுவது பெரிய விஷயம். அதைக் குறை சொல்ல நான் யார்?

மொய்யும் அப்படித்தான். கல்யாண மண்டப வாசலில் நோட்டுப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறோம். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் மொய்விருந்து என்றே தனியாக உண்டு. பணத் தேவை உள்ளவர் ஊருக்குச் சாப்பாடு போடுவார். வந்தவர்கள் மொய் செய்வார்கள். பார்த்தால் நாங்கள் கிள்ளானில் நடத்தியதும் அதே மாதிரி ஒரு விருந்துதான். ஆனால் மொய் நோட்டு திறந்திருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதில் எழுதியதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். கொடுத்தவர் வீட்டு விசேஷத்துக்கு நோட்டைப் பார்த்து, குறையாமல், முடிந்தால் கூட்டிச் செய்ய வேண்டும். கொடுப்பது, பெறுவது, திருப்பித் தருவது என்ற மூன்று கடமைகளும் ஒரு வளையம் என்று மார்செல் மோஸ் 1925இல் பரிசுகளைப் பற்றிய தன் கட்டுரையில் எழுதினார். மொய் நோட்டு அந்த வளையத்தின் பதிவேடு. எழுதப்படாவிட்டால் வளையம் அறுந்துவிடும். மொய் எழுத வருகிறவரும் அதைத் தெரிந்தே வருகிறார். பெயரைச் சொல்வது அவர் செய்யும் காரியத்தின் ஒரு பகுதி.

அக்கா வந்தது வளையத்தை முடிப்பதற்கு. அவருக்கு மையம் ஏற்கனவே கொடுத்துவிட்டது. அவர் திருப்பிச் செய்தார். அத்தோடு கணக்குத் தீர்ந்தது. அதற்குமேல் ஊர் அறிய ஒன்றும் இல்லை. நானோ அவரை மொய் நோட்டில் எழுதி, அடுத்த ஆண்டுக்கு பி என்று தரமும் போட்டுவைத்தேன். முதல் முறை கொடுத்ததால் ஏ கிடைக்கவில்லை.

பெயர் சொல்லாமல் கொடுப்பதை உயர்த்திச் சொன்னவர்களும் உண்டு. 12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடீஸ் தர்மத்தை எட்டுப் படிகளாக அடுக்கினார். கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் ஒருவரையொருவர் தெரியாமல் நடப்பது அதில் இரண்டாவது உயர்ந்த படி. முதல் படி, பெறுகிறவரை ஒரு தொழிலிலோ கூட்டிலோ நிலைநிறுத்தி, மேற்கொண்டு கையேந்தத் தேவையில்லாமல் செய்வது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று நாமும் பேச்சுவாக்கில் சொல்கிறோம். இவை பெரும்பாலும் பெறுகிறவர் கூனிக்குறுகக் கூடாது, கொடுக்கிறவர் தலைக்கனம் கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்லப்படுபவை. அக்காவின் விஷயம் இரண்டிலும் சேராது. அவருக்குத் தலைக்கனம் வரும் அபாயம் இல்லை, மையமும் கூனிக்குறுகாது. அவருக்கு வேண்டியிருந்தது தன் வாழ்க்கையை எப்போதும்போல நடத்திக்கொள்ளும் இடம் மட்டும்தான். கொடுத்தவருக்கும் ஒரு வீடு, அண்ணன், அக்கம்பக்கம் இருக்கிறது என்பதை நன்றிப் பக்கம் மறந்துவிடுகிறது.

*

இனி மறுபக்கம். பெயர் இல்லாத பணம் ஆபத்தானது. மலேசியர்களான நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்போதைய பிரதமர் நஜிப்பின் சொந்த வங்கிக் கணக்கில் ஏறத்தாழ 260 கோடி ரிங்கிட் சேர்ந்திருந்த செய்தி 2015இல் வெளியானபோது, அது நன்கொடை என்றுதான் சொல்லப்பட்டது. அதற்குப் பிறகு நன்கொடை என்ற சொல்லைக் கேட்டாலே சிரிக்கும் பழக்கம் வந்துவிட்டது. சின்ன மையத்துக்கும் இதே கேள்வி பொருந்தும். யாரோ ஒருவர் பெயர் சொல்லாமல் பெரிய தொகை கொடுத்து, அடுத்த மாதம் மையத்துக்கு இயந்திரம் விற்கும் குத்தகையும் அவருக்கே போனால்? பெயரே எங்கேயும் இல்லை என்றால் அதைக் கேட்க ஆளே இருக்காது.

ஆகவே பெயர் தெரியத்தான் வேண்டும். யாருக்கு என்பதுதான் மிச்சம். கணக்காய்வாளருக்குத் தெரிய வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்பு என்றால், வரிக் கழிவு கேட்பவருக்கு ரசீதில் பெயரும் ஐசி எண்ணும் வேண்டும். இவை தேவையான தெரிதல்கள். எட்டாம் மேசையில் உட்கார்ந்து சூப்புக்குக் காத்திருக்கிறவருக்குத் தெரிய வேண்டிய அவசியம் என்ன? தெரிந்துவைத்திருப்பதும் சொல்வதும் இரண்டு வேறு காரியங்கள். நான் இரண்டையும் ஒரே கோப்பில் போட்டு ஒன்றாக்கினேன். ஹெலன் நிஸ்ஸன்பாம் என்ற பேராசிரியர் 2010இல் வெளிவந்த தன் நூலில் இதையே வேறு விதமாகச் சொல்கிறார். ஒரு செய்தி ரகசியமா பகிரங்கமா என்பதைவிட, அது எந்தச் சூழலில் கொடுக்கப்பட்டதோ அந்தச் சூழலின் நியதிப்படி நகர்கிறதா என்பதே முக்கியம் என்பது அவர் வாதம். மருத்துவரிடம் சொன்னது மருத்துவரிடம் இருக்கும்வரை சரி. அதே செய்தி முதலாளியிடம் போனால் அநியாயம். செய்தி மாறவில்லை. இடம் மாறியது.

சட்டம் இருக்கிறது. 2010இல் இயற்றி 2013 நவம்பரில் நடப்புக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அது வாணிபப் பரிவர்த்தனைகளை மையமாக வைத்து எழுதப்பட்டது. தர்ம விருந்துக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று செயலவையில் ஒரு வழக்கறிஞர் விளக்க ஆரம்பித்தார். எனக்கு அந்த விளக்கத்தில் மனம் போகவில்லை. சட்டம் பொருந்தாது என்று நாளை யாராவது நிரூபித்தாலும் அக்காவுக்கு நான் செய்தது சரியாகிவிடாது. நம் ஐசி எண்ணையே பாருங்கள். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதில் ஆணா பெண்ணா. ஒரு டிக்கெட்டுக்காக ஒருவர் இவ்வளவையும் என் கையில் கொடுக்கிறார். நான் கேட்டதால் கொடுக்கிறார். கேட்பதற்கு முன் எனக்கு இது வேண்டுமா என்று நான் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. வரி ரசீது கேட்காதவர்களிடமும் வாங்கிவைத்திருந்தேன்.

நான் படித்த காலத்தில் நன்னெறிக் கல்விப் பாடத்தில் 36 நெறிகளை வரையறையோடு மனப்பாடம் செய்வோம். அதில் ஒன்று அமானா. வரையறையை ஒரு சொல் பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண். எழுதினேன், வாங்கினேன். தமிழ் முஸ்லிம் நண்பர்கள் அமானிதம் என்பார்கள், ஒருவர் நம்பி ஒப்படைத்துவிட்டுப் போன பொருள். அது வைத்திருப்பவர் கையில் இருக்கும், ஆனால் அவருடையது ஆகாது. நகையையும் பணத்தையும் அப்படி நினைப்பது நமக்குப் பழக்கம். ஒரு பெயரையும் அப்படி நினைக்கலாம் என்று அந்தப் பாடத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. சார் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். அந்த 555 புத்தகம் வேலை தெரியாதவர் செய்த இரட்டிப்பு வேலை என்று நினைத்தேன். தெரிந்துவைத்திருப்பதற்கும் சொல்வதற்கும் நடுவே அவர் கட்டி வைத்திருந்த சுவர் அது. அதை இடித்துவிட்டுத்தான் என் கோப்பு நேர்த்தியாக இருக்கிறது என்று பெருமைப்பட்டேன்.

*

இந்த ஆண்டு படிவத்தை மாற்றியிருக்கிறோம். பெயரை மலரில் போடலாமா என்று தனிக் கேள்வி இருக்கிறது. ஒன்றும் தேர்வு செய்யாமல் விட்டால் போடக்கூடாது என்று பொருள். ஐசி எண், வரி ரசீது கேட்பவர்களிடம் மட்டும். நன்றிப் பக்கம் உண்டு, ஆனால் தொகை இல்லை. பெயர்கள் அகர வரிசையில். 10,000 கொடுத்த ஒருவர் இதனால் மேசை எடுக்கவில்லை என்று தலைவர் வருத்தப்பட்டார். அந்த இழப்பு உண்மையானது. அது ஒரு நோயாளிக்கு எத்தனை முறை சுத்திகரிப்பு என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். போட்டும் பார்த்தேன். அந்தக் கணக்குக்கு முன்னால் என் நியாயங்கள் எவ்வளவு தாங்கும் என்பது எனக்கு இன்னும் முழுதாகத் தெளிவில்லை. ஏ, பி, சி கட்டத்தை அழித்துவிட்டேன். அப்பாவிடம் சொன்னேன். "அப்ப எனக்குப் புரொமோஷனா?" என்று கேட்டார்.

அக்காவும் அண்ணனும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை என்று சார் சொன்னார்.

சென்ற மாதம் மையத்தின் கணக்கில் 200 ரிங்கிட் வந்திருந்தது. பணம் போடும் இயந்திரத்தில் ரொக்கமாகப் போட்டது, பெயர் இல்லை. கிளை மட்டும் தெரிந்தது. அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளை. மனது உடனே ஓடியது. சார் 555ஐப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு வார்த்தை கேட்டால் போதும். போனைக் கையில் எடுத்தும்விட்டேன். கேட்டு என்ன செய்யப் போகிறேன் என்று யோசித்தபோது, அவர் என்னை மன்னித்துவிட்டாரா என்று தெரிந்துகொள்வதற்காகத்தான் அந்தப் பெயர் எனக்கு வேண்டியிருக்கிறது என்று புரிந்தது. மையத்துக்கு அது தேவையில்லை.

போனை வைத்துவிட்டு ரசீதில் 'நலம் விரும்பி' என்று எழுதி, அடிக்கட்டையைச் சாருக்கு அனுப்பினேன்.